கால்மிதியில் கிடந்த நீலத் துண்டுகள்

போன மார்கழியில் சென்னையிலிருந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தொழுதூருக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் காரை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். டீ கைக்கு வருவதற்குள் பின்னால் வந்து நின்ற லாரியின் டிரைவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே, அந்த வெள்ளை வண்டி உங்களுதா? பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. உளுந்தூர்பேட்டையில இருந்து உங்க பின்னாடிதான் வர்றேன். நீங்க எப்ப பிரேக் அடிக்கிறீங்கன்னே தெரியல."

திரும்பிப் பார்த்தேன். பூட்டிய கார், உள்ளே யாரும் இல்லை. பின்னால் இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. என் மகளும் மனைவியும் அந்த வண்டியில்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். பின்னால் வருகிறவருக்கு நான் வேகத்தைக் குறைப்பது தெரியவே இல்லை என்பதை நினைத்தபோது கை நடுங்கியது.

இது திடீரென வந்த பழுது இல்லை. மூன்று வாரமாகவே கார் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. குரூஸ் கண்ட்ரோல், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே காரை ஒரே வேகத்தில் வைத்திருக்கும் வசதி, சரியாக நிற்கவில்லை. எண்பதில் செட் பண்ணினால் பத்து நிமிடத்தில் தானாக விட்டுவிடும். பாலத்தின் இணைப்பில் டயர் ஏறி இறங்கினால் போதும், டேஷ்போர்டில் பச்சையாக இருந்த சின்னம் வெள்ளையாகிவிடும். நான் அதை ஒரு சௌகரியக் குறைவாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். வலது முழங்காலில் ஜவ்வு தேய்ந்து போன எனக்கு, நான்குவழிச் சாலையில் அந்தப் பட்டன் பெரிய உதவி. அது இல்லாவிட்டால் வலி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஒர்க்‌ஷாப்புக்கும் போனேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, கோடு (பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்) எதுவும் வரவில்லை, அப்படியானால் ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டன் செட்தான் போயிருக்கும், மாற்றிவிடலாம் என்றார்கள். பதினாலாயிரம் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்று ஒருவராவது காருக்குப் பின்னால் போய் நின்று பிரேக் விளக்கைப் பார்த்திருக்கலாம். நானும் பார்க்கவில்லை.

குரூஸ் கண்ட்ரோலுக்கும் பிரேக் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்பதை அப்புறம்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். பிரேக் பெடலின் மேல்பகுதியில், டேஷ்போர்டுக்கு அடியில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. பெடல் தன் இடத்தில் ஓய்வாக இருக்கும்போது அது அந்தச் சுவிட்சின் முனையை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். நாம் பிரேக்கை மிதித்தால் பெடல் விலகும், முனை வெளியே வரும். பெரும்பாலான கார்களில் அதற்குள் இரண்டு இணைப்புகள். ஒன்று விளக்கை எரிய வைக்கும், இன்னொன்று குரூஸை விடச் சொல்லி இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் செய்தி கொடுக்கும். இரண்டாவது மிக லேசான அசைவிலேயே வேலை செய்துவிடும். காலை வைத்த உடனே குரூஸ் விட்டாக வேண்டும் அல்லவா, அதற்காக.

குரூஸ் கண்ட்ரோலை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதிலேயே பார்வை இழந்தவர். தன் வக்கீல் கார் ஓட்டும்போது பேசினால் வேகம் குறைவதும், பேச்சை நிறுத்தினால் கூடுவதுமாக வண்டி குலுங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்துதான் இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது, 1958இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. கண்ணால் பார்க்க முடியாத ஒருவர் வண்டியின் நடையை உடம்பால் உணர்ந்து செய்த கருவி இது. என் காரின் நடை மாறியதை நானும் உடம்பால் உணர்ந்தேன், ஆனால் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

டீக்கடை ராத்திரிக்கு வருகிறேன். விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். டிரைவர் வேண்டவே வேண்டாம் என்றார். எப்போதும் எரிகிற விளக்கு மோசம், எரியாத விளக்கு அதைவிட மோசம். "நானும் திருச்சிதான் போறேன். நீங்க இடது பக்கமா அறுபதுல போங்க, நான் பின்னாடி இடம் விட்டு வர்றேன். வேகம் குறைக்கிறதுக்கு முன்னாடியே நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்காட்டுங்க" என்றார். சமயபுரம் டோல் வரைக்கும் அப்படியே வந்தார். கண்ணாடியில் அவருடைய இரண்டு முகப்பு விளக்குகளும் சீரான தூரத்தில் வந்துகொண்டே இருந்தன. டோல் தாண்டியதும் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டார். பெயரைக் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பானட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியது. எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். பின் விளக்கில் பிரேக்குக்கான இழை 21 வாட். இரண்டு பக்கமும் சேர்த்தால் 42 வாட், அதாவது கிட்டத்தட்ட மூன்றரை ஆம்பியர். என் காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை ஒரே ராத்திரியில் காலி செய்ய அது போதும். கழற்றாமல் தூங்கியிருந்தால் காலையில் வண்டி கிளம்பியிருக்காது.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தேன். சமதளமான இடத்தில் கார். கை பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் டயருக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். சாவி என் மனைவியிடம், வீட்டுக்குள். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் அந்தச் சாவி காருக்குள் இருக்கவே கூடாது. தலையைப் பெடலுக்கடியில் விட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது தெரியாமல் பட்டனைத் தட்டிவிட்டால் போச்சு. டிரைவர் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, கால்மிதியை எடுத்து வெளியே உதறினேன்.

அப்போதுதான் பார்த்தேன். மண்ணோடு மண்ணாக நகக்கண் அளவில் நீல நிறத் துண்டுகள் நாலைந்து. விரலால் அழுத்தினால் காய்ந்த வெல்லம் மாதிரி பொடிந்தன. இதே நீலத் துணுக்கை இரண்டு வாரம் முன்பு விழுப்புரத்தில் பார்த்திருக்கிறேன். மகளின் பொம்மையிலிருந்து உடைந்தது என்று நினைத்து உதறிவிட்டேன்.

டார்ச் அடித்து மேலே பார்த்தால் விஷயம் புரிந்தது. சுவிட்சின் முனை மோதுகிற இடத்தில் பெடலில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு காளான் வடிவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்க வேண்டும். முனை அதன்மேல்தான் அழுந்தும். என் காரில் குமிழ் இல்லை, ஓட்டை மட்டும் இருந்தது. முனை அந்த ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஏழெட்டு வருஷ வெயிலில் குமிழ் இறுகி, விரிசல் விட்டு, ஓரம் ஓரமாக உதிர்ந்திருக்கிறது. பாதி உதிர்ந்த நாட்களில் முனை ஒரு மயிரிழை வெளியே வந்திருக்கும். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது குரூஸுக்கான இணைப்பு மட்டும் மாறிவிடும், விளக்கு எரியாது. முழுசாக உடைந்த அன்று விளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது. ஒர்க்‌ஷாப் ஸ்கேனரில் ஏன் கோடு வரவில்லை என்பதும் இதனால்தான். சுவிட்சும் ஒயரும் நன்றாகவே இருந்தன. டிரைவர் பிரேக்கில் கால் வைக்கிறார் என்றுதான் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு மாமா ஒரு ரூபாய் நாணயத்தை எம்-சீல் வைத்து ஒட்டிவிடலாம் என்றார். அவருடைய அக்கறை எனக்குப் புரிந்தது. ஆனாலும் பெடலுக்குப் பக்கத்தில், பிய்ந்து விழக்கூடிய எதையும் வைக்க மனம் வரவில்லை. ஓடும்போது விழுந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? உதிரிபாகக் கடையில் உடைந்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "பிரேக் பெடல் ஸ்டாப்பர்தானே" என்று கடைக்காரர் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எண்பது ரூபாய். கிளட்ச் பெடலுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் அங்கேயும் இதேபோல ஒரு சுவிட்சும் குமிழும் உண்டு, இரண்டுக்கும் ஒரே வயது.

மாட்டுவதற்கு முன் குமிழை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வைத்தேன், கொஞ்சம் இளகும். இடது கையால் பெடலை அழுத்திப் பிடித்து, வலது கையால் குமிழின் காம்பை ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கம் பிளையரால் இழுத்தேன். டப் என்று உட்கார்ந்தது. கை நுழைகிற இடமில்லை, மூன்று முறை நழுவி விழுந்தது. அவ்வளவுதான் வேலை. சுவிட்சைத் தொடவே இல்லை. தொடாமல் விட்டதும் நல்லதுக்குத்தான். சில கார்களில் அந்தச் சுவிட்ச் முதல் தடவை மாட்டும்போது தானே அளவு பிடித்துக்கொள்ளும், கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். அளவு தெரியாமல் அதை அதிகமாக உள்ளே தள்ளி மாட்டிவிட்டால், பெடல் முழுசாக மேலே வராமல் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும், சக்கரம் சூடாகும்.

பேட்டரியை மாட்டிவிட்டு, சாயங்காலம் இருட்டியதும் காரின் பின்பக்கத்தைச் சுவருக்கு எதிரே நிறுத்தினேன். பிரேக்கை மிதித்தால் சுவர் சிவக்க வேண்டும், விட்டால் உடனே அணைய வேண்டும். உதவிக்கு யாரும் தேவையில்லை. இதை இப்போது வாரம் ஒருமுறை செய்கிறேன், அரை நிமிடம்கூட ஆகாது.

உங்கள் காரிலும் குரூஸ் தகராறு செய்தால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், என் பதில் அந்தச் சுவர்தான். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: பழுதே இல்லாமல் இருக்கலாம். பல கார்களில் மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கீழே குரூஸ் பிடிக்காது, எந்த வேகம் என்பது கையேட்டில் இருக்கும். ஆன் பட்டனை அழுத்திவிட்டு செட் பண்ண மறப்பவர்கள் உண்டு. வேக வரம்பு வைக்கிற பட்டன் தனியாக இருக்கும், அதை குரூஸ் என்று நினைத்து அழுத்துபவர்களும் உண்டு. இடது காலைக் கிளட்சிலேயே வைத்து ஓட்டும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்த லேசான அழுத்தமே குரூஸை விடச் செய்துவிடும். என் தங்கை மாப்பிள்ளை காரில் இதுதான் பிரச்சினை. ஒரு ரூபாய் செலவில்லாமல், காலை ஓரமாக வைத்ததும் சரியாகிவிட்டது.

விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பையும் ஃபியூஸையும் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்ற வேண்டும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. பெரிதாகப் போட்டால் எரியப்போவது ஒயர்தான். மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் போங்கள். பழைய கார்களில் பிரேக் பல்பை எல்இடியாக மாற்றிய பிறகு குரூஸ் நின்றுபோவதும் உண்டு. அந்த பல்பின் இழை வழியாகவே கம்ப்யூட்டர் பிரேக்கை அறிந்துகொள்ளும் அமைப்பு சிலவற்றில் இருந்தது. பழைய பல்பையே திரும்பப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குரூஸ் பழுதோடு சேர்ந்து ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிந்தால் அது வேறு கதை. இன்றைய கார்கள் பெரும்பாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார்களை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுகின்றன. அந்த ஒயரை எலி கடித்திருக்கலாம். வீட்டுக்கு வெளியே நிற்கிற கார்களில் இது எவ்வளவு சகஜம் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கலாம், அறுந்த ஒயரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். முறுக்கி டேப் ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். அது பிரேக் சம்பந்தப்பட்ட ஒயர், மழைத்தண்ணீர் படுகிற இடம்.

இன்ஜின் விளக்கு எரிந்தாலும் பல கார்கள் குரூஸை அனுமதிக்காது. புளூடூத்தில் போனோடு சேர்கிற சின்னக் கருவியைக் காரில் செருகினால் கோடு தெரியும். பி0571, பி0504 என்று வந்தால் பிரேக் சுவிட்ச் பக்கம், பி0704 என்றால் கிளட்ச் சுவிட்ச் பக்கம், பி0500 என்றால் வேக சென்சார் பக்கம் தேடலாம். கோடு காட்டுவது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை மட்டும்தான், எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்பதை இல்லை. கோடு வரவில்லை என்றால் பழுது இல்லை என்றும் அர்த்தம் இல்லை, என் கதையே அதற்குச் சாட்சி.

ஸ்டியரிங் பட்டன்கள் நிஜமாகவே பழுதாவதும் உண்டு. குரூஸ் பட்டனோடு ஹார்னும் ஆடியோ பட்டன்களும் சேர்ந்து விட்டுவிட்டு வேலை செய்தால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருளாக இருக்கும் நாடாக் கேபிள் அறுந்திருக்கலாம். இதை அறிகுறியை வைத்து ஊகிப்பதோடு வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் இருக்கிறது, அதற்குள் வெடிக்கிற மருந்து இருக்கிறது. வீடியோவைப் பார்த்து இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முகத்துக்கு நேரே வெடித்தால் உயிருக்கே ஆபத்து. டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டரைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள், அது பெரும்பாலும் ஏர்பேக் ஒயர்.

முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கிற புதிய வகை குரூஸ் இருந்தால், வீட்டில் செய்யக்கூடியது துடைப்பது மட்டும்தான். முன் கிரில் பக்கம் ரேடார், கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. சேறும் பூச்சியும் அப்பியிருந்தாலே அது நின்றுவிடும். முன் கண்ணாடியையோ பம்பரையோ மாற்றிய பிறகு வந்த பழுது என்றால் மறுபடி அளவு பிடிக்க வேண்டும், அதற்கு உரிய கருவி இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. குரூஸ் விடாமல் வேகம் பிடித்துக்கொண்டே போனால் என்ன செய்வது? பிரேக்கை ஒரே அழுத்தமாக, பலமாக மிதியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்துபோய்ப் பெடல் கல்லாகிவிடும். கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், ஆட்டோமேட்டிக் என்றாலும் நியூட்ரல்தான். இன்ஜின் உறுமட்டும், கவலைப்படாதீர்கள். ஓடும்போது சாவியை முழுசாகத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். ஓரமாக நின்ற பிறகு அணைத்துக்கொள்ளலாம். கால்மிதிமேல் இன்னொரு கால்மிதி போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது நகர்ந்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குரூஸ் மாதிரியே தோன்றும்.

சரி செய்த பிறகு ஓட்டிப் பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மழை இல்லை, சாலை காய்ந்திருந்தது. ஈரச் சாலையில் நான் குரூஸ் போடுவதே இல்லை. டயர் தண்ணீர்மேல் மிதக்கும் நேரத்தில் அது வேகத்தைப் பிடித்து வைக்கப் பார்க்கும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து டேஷ்போர்டைப் பார்த்துச் சொல்ல, நான் சாலையை மட்டும் பார்த்தேன். கிளம்புவதற்கு முன் நிறுத்திய காரில் பிரேக் விளக்கு, அப்புறம் ஐம்பதில் செட், உடனே பிரேக்கைத் தொட்டு விடுகிறதா, கிளட்சைத் தொட்டால் விடுகிறதா, கேன்சல் பட்டனில் விடுகிறதா என்று ஒவ்வொன்றாக. எல்லாவற்றிலும் விட்டது. அதற்குப் பிறகுதான் எண்பது.

பாடாலூர் வரை பச்சைச் சின்னம் அசையவில்லை. பாலத்து இணைப்புகளில் டயர் தடதடத்தபோதெல்லாம் மனைவி, "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் முன்னால் ஒரு டவுன் பஸ் இடது பக்கம் ஒதுங்கியது. பிரேக்கில் காலை வைத்தேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்துகொண்டிருந்த லாரியும் மெதுவாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது.